ஒன்றே முக்கால் மணி நேரம்

என் மனைவியின் நுரையீரல் கெட்டுப்போனது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது தெரியவந்தது. சிரம்பானில் மருத்துவர் அவளிடம், வீட்டில் விறகடுப்பா என்று கேட்டார். முப்பது வருடம் என்றாள். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டதும் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "வெளியிலதான் பிடிப்பாருங்க" என்றாள். படுக்கையில் சாய்ந்துகொண்டே புகைத்தவன் நான். அவள் சொன்னதை நான் திருத்தவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரெம்பாவிலிருந்து தம்பின் போகும் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றுச் சிரம்பானில் ஒரு வரிசைவீட்டில் குடியிருந்தோம். அவள் கட்டில் அருகே ஆளுயர ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. அதன் குழாய் குளியலறை வரைக்கும் வாசற்கதவு வரைக்கும் எட்டும். அதற்கு அப்பால் அவளுக்கு எதுவும் இல்லை.

அவளுக்கு ஓர் அக்காள் இருந்தாள். தாய் இறந்த பிறகு இவளைத் தூக்கி வளர்த்தவள். நான் வேலை பார்த்த அதே தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் இருந்தாள். என் மனைவி மண்டோரின் மகள். மேற்பார்வையாளனாக இருந்தாலும் மண்டோர் குடும்பமும் லயத்தில்தான். கிராணி லயத்தில் பெண்ணெடுத்தது அந்நாளில் ஒரு பேச்சாக இருந்தது. எடுத்தேனே தவிர, அந்த உறவை வீட்டுக்கு முன்வாசல் வழியாக வரவிடவில்லை. அக்காள் கிராணி வீட்டுக்கு வந்தால் பின்கட்டில் உட்கார்ந்து தங்கையோடு பேசிவிட்டு, நான் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் போய்விடுவாள். அப்படி ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்த அக்காள் பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. என் மனைவி மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள், "ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோமா?" என்றாள்.

மருத்துவச் சாமான் கடையில் சிறிய சிலிண்டர் ஒன்று வாடகைக்கு எடுத்துவந்தேன். ஒரு கை நீளம். ஒரு வயதுக் குழந்தையின் கனம். தோளில் மாட்ட ஒரு பை. தலையில் வட்டமான முள்மானி. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் விட்டால் மூன்றே முக்கால் மணி நேரம் வரும் என்று கடைக்காரர் சொன்னதை நானும் தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டேன். போக ஒரு மணி, வர ஒரு மணி. தாராளமாகப் போதும். அவள் பழைய பருத்திக் கைலிகள் நான்கைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டாள். படுத்தபடி கிடப்பவளுக்குப் புதுத்துணி உறுத்தும் என்றாள்.

காலை ஒன்பதுக்குக் குழாயை அவள் மூக்கில் மாட்டி முள் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு டாக்சியில் ஏறினோம். ஓட்டுநர் நடுவயதுத் தமிழர். சிலிண்டரைத் தோம்பு என்றார்.

"ஐயா, இது என்னா தோம்பு? வெடிக்காதுல்ல?"

"நீ சிகரெட் பத்தவைக்காட்டி வெடிக்காது."

"எம் பொண்டாட்டி எட்டு வருசமா சொல்லி விடாதத இன்னிக்கு இந்தத் தோம்பு விட வச்சிருச்சு லா" என்றார் அவர். என் மனைவி சிரித்தாள். சிரித்து இருமி, மறுபடியும் சிரித்தாள். ரெம்பாவ் தாண்டும்வரை கண்ணாடிப் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வெளியுலகம்.

தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் ஓர் ஒட்டுக்கடை, சாலையோரத் தேநீர்க்கடை, உண்டு. அவளுக்குக் கழிவறைக்குப் போகவேண்டியிருந்தது. இறங்கினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழாயின் நீளம் நான்கடி. அவள் முன்னால் போக, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நான் நான்கடி பின்னால் போகவேண்டும்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் கிராணி கையில் எதையும் தூக்கமாட்டார். பேரேடு, சாப்பாட்டுப் பாத்திரம், மழை நாளில் குடை, எல்லாவற்றையும் அலுவலகப் பியூன் தூக்கிவருவான். கையை வீசி நடப்பவர்தான் கிராணி. இருபத்தாறு வருடம் அப்படி நடந்தவன் நான்.

கடையில் நாலைந்து பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என்னுடைய பழைய பியூன். தலை நரைத்திருந்தது. எழுந்து வந்தான்.

"கிராணி ஐயா! நல்லா இருக்கீங்களா? அம்மா, வாங்கம்மா." பிறகு என் தோளைப் பார்த்தான். "குடுங்கய்யா, நான் தூக்கியாறேன். நீங்க ஒரு சாமான் தூக்கி நான் பாத்ததே இல்ல."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆமாலா, இப்பதான் சம்சாரம் புடிச்சுக் கட்டி இழுத்துட்டுப் போவுது!"

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல என்று இப்போது தெரிகிறது. என் மனைவிகூடச் சிரித்தாள். நான் பியூனிடம் சிலிண்டரைத் தரவில்லை. கழிவறைக் கதவுக்கு வெளியே, குழாய் கதவிடுக்கில் நசுங்காமல் பிடித்துக்கொண்டு, கடைக்கு முதுகைக் காட்டி நின்றேன். இன்னும் இரண்டு மைலில் லயம். அங்கே பொதுக்குழாயடியில் பெண்கள் இருப்பார்கள். வாசலுக்கு வாசல் ஆள் நிற்கும். அத்தனை பேருக்கும் நடுவில், முன்பு பின்கட்டில் உட்கார வைத்த ஒருத்தியின் வீட்டுக்குள் இதைச் சுமந்துகொண்டு நுழையவேண்டும்.

காரில் ஏறியதும் முள்மானியைப் பார்த்தேன். முக்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது.

"முள்ளு பாதிக்கு வந்துருச்சு. திரும்பணும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டு மைல்தானங்க?"

"பாதி போனா திரும்பிடணும். நடுவழில நின்னா என்ன செய்வே?"

ஓட்டுநர் திரும்பினார். "ஐயா, உள்ளார போயி ஒரு பத்து நிமிசம் முகத்தக் காட்டிட்டு வந்துரலாமே."

"உனக்கு இதப்பத்தித் தெரியாது. வண்டியத் திருப்பு."

மானி அவள் பக்கமும் திரும்பித்தான் இருந்தது. குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கணக்கு என்றால் நான் சொல்வதுதான் என்று வாழ்ந்தவள். கண்ணாடியை இறக்கிக் கைலி மூட்டையை, வழியனுப்ப வந்து நின்ற பியூனிடம் கொடுத்தாள். "அக்காகிட்ட குடுத்துருப்பா. முச்சந்தி வரைக்கும் வந்தேன்னு சொல்லு." குழாயைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கி, "வந்தேன்னு மட்டும் சொல்லு. திரும்பிட்டேன்னு சொல்லாத" என்றாள்.

ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார்.

பதினொரு மணிக்கு வீடு சேர்ந்தோம். பெரிய சிலிண்டருக்கு மாற்றிவிடப் போனேன். "இருக்கட்டும்" என்றாள். சிறியதை மடிக்கு அருகில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். பன்னிரண்டு அடித்தது. "இன்னும் வருதுங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. பன்னிரண்டரைக்கு மறுபடியும், "இன்னும் வருது." நான் தாளைத் திருப்பவில்லை. ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்குச் சீறல் நின்றது.

"நின்னுருச்சுங்க. பெரிசை மாட்டிவிடுங்க."

முச்சந்தியில் வண்டியைத் திருப்பியபோது, திரும்பும் வழிக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்திருக்கிறது. அவளும் அந்தக் கணக்கைப் போட்டிருப்பாள்.

மூன்றாவது வாரம் அக்காள் இறந்துபோனாள். இரண்டு சிலிண்டர் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். "இனி எதுக்குங்க?" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தாள். சிறிய சிலிண்டர் மருத்துவமனைக்குப் போக மட்டும் பயன்பட்டது. ஒவ்வொரு முறை முள்ளைப் பார்க்கும்போதும் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட நினைப்பேன். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு. அதுவும் நிச்சயமில்லை.

அவள் போன பிறகு சிலிண்டரைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன். பை கிழிந்திருந்தது. வெறுங்கையிலேயே பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறி, சந்தைப் பக்கம் இறங்கி நடந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காய்கறிக் கடை முன்னால் ஒரு கிழவி வழியை மறித்தாள். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள், குழாயடிக்கு எதிர்வீடு.

"கிராணி ஐயாதானே? அம்மா சொகமா இருக்காங்களா? அக்காகாரி கடைசி வரைக்கும் அந்தக் கைலியத்தான் கட்டியிருந்துச்சு. தங்கச்சி வந்துட்டு இருக்கான்னு சொல்லிக்கிட்டே கெடந்துச்சு."

அம்மா இறந்துவிட்டாள் என்றேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கை கடுத்தபோது மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "ஒடம்பப் பாத்துக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் கையில் என்ன இருக்கிறது என்று கடைசிவரை அவள் பார்க்கவே இல்லை.