வெற்றுக் கட்டத்தில் நான் அடித்த சொல்

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில், நீதிமன்றம் அனுப்பும் சிறுமிகளைத் தடுத்து வைக்கும் ஓர் இல்லத்தின் அலுவலகத்தில், அறிக்கைகளைத் தட்டச்சில் அடிக்கும் ரைப்பிஸ்ட்டாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான். துப்புரவாக அடிப்பேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அங்கே பதினைந்து வயதில் ஓர் ஆஸ்திரேலிய ஆதிக்குடிப் பிள்ளை இருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு அறையில், அவளுடைய இனத்தைச் சேர்ந்த இரண்டு சின்னவர்கள் புதிதாக வந்து, சாப்பாட்டைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தார்கள். இவள் பக்கத்தில் போய் இருந்து, எந்த ஊர், யாருடைய பிள்ளைகள் என்று விசாரித்து, கடைசியில் ஏதோ ஒரு முறையில் தான் அவர்களுக்கு அக்கா என்று கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் ஆட்கள் கலியாண வீட்டில் செய்கிற அதே வேலை! சின்னவர்கள் சாப்பிட்டார்கள். நான் கதவடியில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

அடுத்த மாதம், அவளை வீட்டுக்கு விடுவதா, இன்னும் ஒரு வருடம் வைத்திருப்பதா என்று முடிவெடுக்கும் கூட்டம். அன்று காலை அவளுடைய சித்தி, குடும்பத்துக்குக் கொடுத்திருந்த அவளைப் பற்றிய அறிக்கையுடன் என்னிடம் வந்தார். 'நல்ல குணங்கள்' என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"எதுவுமில்லை எண்டு கிடக்கு. ஆர் இதை எழுதினது?"

"எழுதிறது பிள்ளையளுக்குப் பொறுப்பான அதிகாரி. நான் அடிக்கிறது மட்டும்தான்" என்றேன்.

அதைக் காட்டத்தான் அதிகாரியின் கையெழுத்துத் தாளை எடுத்தேன். குறைகளை ஒரு பக்கம் நிறைய எழுதியவர், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். இடைவெளி கிடந்தால் தாள் வடிவாயில்லை என்று 'எதுவுமில்லை' அடித்தது நானேதான். எல்லாத் தாளிலும் அப்படித்தான் செய்துவந்தேன். அதைச் சித்தியிடம் சொன்னேன்.

வேலை போனாலும் போகட்டும் என்று கூட்டம் நடந்த அறைக்குள் போனேன். பிழை என்னுடையது என்றேன். சாப்பாட்டு அறையில் பார்த்ததையும் சொன்னேன். மேலதிகாரி என்னை முறைத்தார். மற்றவர்கள் துருவித்துருவிக் கேட்டார்கள். பிள்ளையை வீட்டுக்கு விடுவதென்று முடிவானது.

புறப்படும்போது சித்தி நன்றி சொல்லவில்லை.

"மற்றப் பிள்ளையளுக்கும் இதைத்தான் அடிச்சனீரோ?"

"ஓம்."

அதன்பிறகு அந்தக் கட்டம் வெறுமையாக வந்தால், தாளோடு அதிகாரியிடமே போய், ஏதாவது எழுதும்வரை நிற்பேன். பழைய அறிக்கைகளைத் திருத்த மட்டும் என்னை விடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகக் கேள்வி கேட்க ஒரு சித்தி வரவில்லை, தினமும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.