மலைக்கு நான் எழுதிய அரைப் பக்கம்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அச்சில் ஏறிய முட்டாள், ஆதாரம் இருக்கிறது. அதுவரை நான் பார்த்திருந்த ஒரே மலை பரங்கிமலை, அதுவும் ரயில் ஜன்னல் வழியாக. அப்படிப்பட்டவன், மலையில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு எப்படி உழுவது என்று எழுதிக் கொடுத்தேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் ஓர் எலும்புத்தூள் உரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் காலி; மேலில் அவ்வளவு மணம். மலையில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கென்று, எங்கள் உரத்தைப் புகழ்ந்து ஒரு துண்டுப் பிரசுரம் தயாரானது. புகழ்ந்து முடித்த பிறகும் கீழே அரைப் பக்கம் மிச்சம் இருந்தது. "விவசாயிக்கு உபயோகமா எதையாவது எழுதி ரொப்பு" என்றார் மேனேஜர். என் கையெழுத்து அழகாக இருக்கும். அது ஒன்றுதான் தகுதி.

தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வியாசர்பாடியில் தெரிந்துகொண்டது. மழை பெய்தால் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் மட்டும் நிற்கும். ஓடிப்போகிற தண்ணீர் நல்ல தண்ணீர், நிற்கிற தண்ணீர் சனியன். ஆகவே எழுதினேன்: 'சரிவில் மேலிருந்து கீழாக நேர் உழவுச் சால் ஓட்டவும். குறுக்கே உள்ள கல் வரப்புகளை அகற்றவும். மழைநீர் நில்லாது ஓடிவிடும்.' கீழே கம்பெனி முத்திரை. இரண்டு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வருடம் கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். எண்ணூர்ப் பக்கத்து வெயிலில், தோளில் கம்பளியோடு நின்றார். துண்டை அவிழ்த்து என் மேஜைமேல் கொட்டினார். வெறும் சரளைக்கல்.

"இதான் இப்ப என் கெழங்குக் காடு. எங்கப்பா கட்டுன கல்லுக்கட்ட நானே கடப்பாறை வச்சு எடுத்தேன், உங்க காயிதம் சொல்லுச்சுன்னு. ஒத்த மழைதான். மேமண்ணு பூராம் ஓடைக்குப் போயிருச்சு."

நஷ்டஈடு கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஊரில் மற்றவர்களும் கல்லுக்கட்டைப் பிரிக்கக் கிளம்பியிருக்கிறார்களாம்.

"நீ ஒழுங்கா உழுகல, அதான் போச்சுங்குறாய்ங்க. அச்சடிச்சதுல தப்பிருக்குமாங்குறாய்ங்க. மழைக்கு ஒரு மாசந்தான் கெடக்கு. அது தப்புன்னு நீங்களே ஒரு காயிதம் குடுங்க."

மூட்டை தூக்கும் நெட்டுக்குப்பத்துக்காரர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். பிரசுரம் யார் எழுதியது என்று கோடவுனுக்கே தெரியும், நான்தான் பீற்றிக்கொண்டிருந்தேனே.

"இன்னா நைனா, உன் வூட்டு தொட்டில துளசியே காஞ்சி கீது. நீ மலைக்கு யோசன சொன்னியா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். மலைக்காரர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நாம தப்பு பண்ணோம்னு நாமளே அச்சடிக்கறதா? மண்ணு போனா போகட்டும்யா. சத்து போன நெலத்துக்குத்தான் உரம் ஜாஸ்தி வேணும். இன்னும் ரெண்டு மூட்டை எடுத்துக்கச் சொல்லு."

இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஒரு மனிதனின் காடு மேஜைமேல் கிடக்கிறது. அப்பன் அடுக்கிய கல், ஒவ்வொரு மழையிலும் தேங்கித் தேங்கிச் சேர்ந்த மண், எல்லாம் என் அரைப் பக்கத்தால் ஓடைக்குப் போயிருக்கிறது. அதைக் கேட்டதும் மூட்டை விற்கத் தோன்றிய அந்த வாயில் ஒரு பிடி எலும்புத்தூளை அப்பியிருக்க வேண்டும். அப்பவில்லை. "சரிங்க சார்" என்றேன். என் வீரம் எப்போதும் மேனேஜர் சாப்பிடக் கிளம்பிய பிறகுதான் வெளியே வரும்.

மேனேஜர் சாப்பிடக் கிளம்பினார். பிரசுரக் கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு தாளிலும் என் அரைப் பக்கத்தை நிப்பு முனை வளையும்படி அடித்தேன். மலைக்காரர் சொல்லச் சொல்ல ஓரத்தில் எழுதினேன்: 'இது பிழை. சரிவுக்குக் குறுக்கே உழவும். கல்லுக்கட்டைத் தொட வேண்டாம்.' நெட்டுக்குப்பத்துக்காரர் மேனேஜர் மேஜையிலிருந்த முத்திரையை எடுத்துவந்து குத்திக்கொண்டே போனார்.

"சீலு நல்லா வுழுதா பாத்துக்க நைனா. அது இல்லாங்காட்டி ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மண் போன காட்டை நேரில் பார்த்தும் நம்பாதவர்கள், இந்த ரப்பர் துண்டை நம்புவார்கள்.

மலைக்காரர் தாள்களைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டார். ஒரு வார்த்தை நன்றி வரும் என்று காத்திருந்தேன் பாருங்கள், அந்தக் கொழுப்பைச் சொல்ல வேண்டும். வரவில்லை. கேட் வரை கூடவே போய் நானாக ஆரம்பித்தேன்.

"ஒரு நடை நானும் வந்து உங்க காட்டைப் பாக்கலாமாங்க?"

அவர் நின்றார். மைக்கறை படிந்த என் விரல்களைப் பார்த்தார்.

"பாக்க வேணாம், கல்லுத் தூக்க வாங்க."