உப்பைக் குறைத்தது நான்தான்

என் வீட்டுக்காரர் சவூதியில் லாரி ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத லீவில் வருவார். வந்த மறுவாரமே ஒரு நாளை ஒதுக்கி, வீட்டில் மூச்சு விடுகிற எல்லாருக்கும் செக்கப் செய்துவிடுவார். எங்கள் மூன்று பேருக்கும் ரத்தம், பிரஷர், நாய்க்குத் தடுப்பூசி. சுவரில் ஓடும் பல்லியை மட்டும்தான் விட்டுவைப்பார்.

போன லீவிலும் அவர், நான், மகள், நாய் என்று ஒரே ஆட்டோவில் ஆர்.எஸ்.மங்கலம் புறப்பட்டோம். ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். இந்த மனுஷன் நாய்க்கும் சோற்றை நிறுத்திவிட்டார். “ஊசின்னா எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்” என்றார்.

முதலில் மாட்டாஸ்பத்திரி. டாக்டர் சிரித்துவிட்டார். “இதுக்கு எதுக்குங்க பட்டினி? தின்னுட்டே வரலாமே.”

இவர் முகம் சுண்டிப்போனது. ஊசி போட்டதும் ரோட்டைத் தாண்டி ஓடி நாலு பன் வாங்கி வந்து, குத்தவைத்து உட்கார்ந்து நாய்க்குப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். அவர் வயிறும் காலியாகத்தான் இருந்தது.

அடுத்து பெரியாஸ்பத்திரியில் எங்கள் முறை. எனக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை. அவருக்குப் பிரஷர் கூடுதல். “ரெண்டு வாரம் உப்பைக் குறைச்சுட்டு வாங்க, மாத்திரை பத்தி அப்புறம் பேசுவோம்” என்றார் டாக்டர்.

இவர் இடிந்துபோனார். சவூதியிலேயே வேறு கம்பெனிக்கு மாற, அதே இரண்டு வாரத்தில் மதுரையில் மெடிக்கல் டெஸ்ட் இருந்தது. பிரஷர் இருக்கிற டிரைவரை எடுக்கமாட்டார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் சேர்ந்து இருந்த நாளைக் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது. மகளுக்குப் பல் விழுந்து முளைத்ததைப் போனில்தான் பார்த்தார். இந்தத் தடவை போகாமல் இருந்தால் என்ன?

மறுநாளே கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அதற்கு மறுநாள் ஊறுகாய், மோர்மிளகாய். மூன்றாம் நாள் திரும்பவும் கருவாடு.

“உப்பைக் குறைக்கச் சொன்னாருல்ல?”

“லீவுல வந்தும் ருசியாத் திங்காம, அங்கன போயா திங்கப் போறீக?”

நம்பித் தின்றார். அன்று சாயந்திரம் கொல்லையில் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நாய் அவர் பாதத்தில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. கருவாட்டைச் சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டினேன். நாய்க்குக்கூட வைக்கவில்லை.

அதற்கப்புறம் உப்பை விரல் நுனியால் தொட்டுத்தான் போட்டேன். காலையில் கண்மாய்க் கரையில் இரண்டு பேரும் நடந்தோம், நாய் முன்னால் ஓடியது. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களைத்தான் சொல்வேன்.

மதுரையிலிருந்து போன் வந்தது. “நார்மலுடி! எல்லாம் உன் சமையல்தான்!” என்று கத்தினார். நல்லது என்று சொல்லி வைத்துவிட்டு அழுதேன். அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டார். கருவாட்டு விஷயத்தை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

இந்த வருடம் ஊசிக்கு நாயை நானே கூட்டிப்போனேன், வயிறு நிறையச் சோறு வைத்துவிட்டுத்தான். வெளியே வந்ததும் அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் பன் கடையைப் பார்த்து இழுத்தது. இழுத்துப் பிடிக்க மனசு வரவில்லை. நாலு பன் வாங்கி, நானும் குத்தவைத்து உட்கார்ந்து பிய்த்துப் போட்டேன்.

சாயந்திரம் வீடியோவில் வந்தார். நாய்க்கு ஊசி போட்டாச்சா, நீ பிரஷர் பார்த்தாயா என்று வரிசையாக விசாரித்தார்.

“உங்களுக்கு எப்படி இருக்கு?” என்றேன்.

“இன்னைக்குத்தான் பாத்தேன். நார்மல். இன்னும் ரெண்டு வருசம் கூடுதலா ஓட்டலாம்னு கம்பெனியில சொல்லிட்டாக.”

என் முகம் தெரியாதபடி போனை நாயின் பக்கம் திருப்பிவிட்டேன்.