படிக்காமல் விட்ட வரிகள்

என் தங்கச்சியின் கடிதம் வியாழக்கிழமை வரும்.

சேலத்துக்கு மேலே ஒரு மலையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் போர்டிங் ஸ்கூலில் அவள் படித்தாள். அங்கே பிள்ளைகளிடம் போன் இருக்கக்கூடாது. மாதத்தில் ஒரு நாள் ஆபீஸ் போனில் ஐந்து நிமிஷம் பேசலாம். மற்றபடி கடிதம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து வீட்டுக்கு எழுத வேண்டும். வார்டன் சிஸ்டர் பார்த்து ஒட்டுவார். திங்கட்கிழமை தபாலில் சேரும்.

எங்கள் வீடு சென்னைக்குத் தெற்கே கடலோரம், முட்டுக்காட்டில். அம்மா ரோட்டோரக் கடையில் மீன் ஆய்ந்து கொடுக்கும். அப்பா இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கடிதத்தை நான்தான் படிப்பேன்.

எங்கள் சர்ச் மூலமாக ஒரு பிள்ளைக்கு அந்த ஸ்கூலில் இலவச இடம் வந்தது. ஆறாவது சேருகிற பிள்ளைக்கு மட்டும். அப்போது நான் பத்தாவது எழுதிக் கணக்கில் பெயிலாகியிருந்தேன். அவள் மலைக்குப் போனாள். நான் அம்மாவோடு மீன் கடைக்குப் போனேன். பதினெட்டு ஆனதும் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. இதில் யார் தப்பும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

கடிதம் வந்த அன்று அம்மா கையை எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்துக் கழுவும். மீன் வாடை தாளில் ஏறிவிடக்கூடாதாம். கழுவிவிட்டு எதிரில் உட்காரும்.

"மெதுவா படிடி. எங்க ஓட்ற?"

முதன்முதலில் நான் விட்டது முட்டை. வியாழக்கிழமை தோறும் காலையில் அவித்த முட்டை கொடுக்கிறார்கள் என்று அவள் எழுதியிருந்தாள். அம்மா இதைக் கேட்டால் சிரிக்கும். அவளுடைய சின்னச் சின்ன விஷயத்துக்கும் அப்படி ஒரு சிரிப்பு வரும். என் வேலையைப் பற்றிக் கேட்டு அம்மா ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. முட்டையைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஒரு வரியை விட்டால் அடுத்ததை விடுவது சுலபம். கேக்கை விட்டேன். புது ஸ்வெட்டரை விட்டேன். வகுப்பில் இரண்டாவதாக வந்ததை விட்டேன். மூன்று பக்கக் கடிதம் என் வாயில் ஒரு பக்கம் ஆனது.

"இன்னாடி, அதுக்குள்ள முடிஞ்சிச்சா? தாளு ரெண்டு கீது."

"பெருசு பெருசா எழுதறா."

"கண்ணு எதுனா கெட்டுப் போச்சா அவளுக்கு? கேளு."

போன வருஷம் மழை ஆரம்பித்த சமயம் ஒரு கடிதம் வந்தது. 'இந்த வாரம் மூச்சு விடக்கூட நேரம் இல்லை' என்று தொடங்கியது. திங்கட்கிழமையிலிருந்து காலை ஐந்து மணிக்கே எழுப்புவார்களாம். பனியில் மார்ச் பாஸ்ட். செவ்வாய், புதன் பரீட்சை. அது முடிந்த கையோடு பாட்டுப் பயிற்சி. வியாழக்கிழமை மேடைக்குத் தோரணம் வெட்ட வேண்டும். வெள்ளி முழுக்க ஒத்திகை. காலுறை காய்வதற்குள் அடுத்த மணி அடித்துவிடுமாம்.

மூச்சு விட நேரம் இல்லையாம். அன்றைக்கு நான் மூன்று மாடிக்கு மாப் போட்டுவிட்டு வந்திருந்தேன். என் காலுறையும்தான் ஈரம்.

அது வரைக்கும் படித்தேன். அடுத்த வரி, 'சனிக்கிழமை பெற்றோர் தினம். வரவேற்புரை நான்தான், ஆங்கிலத்தில்.' கூடவே அச்சடித்த அழைப்பும் இருந்தது.

அங்கே நிறுத்தினேன். தாளைத் திருப்பவில்லை.

"அவ்ளோதான்" என்றேன்.

"எப்போ வராளாம்?"

"கிறிஸ்துமஸுக்கு."

அழைப்பை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் சூப்பர்வைசர் வந்து, நாளைக்கு லீவு நாளில் வேலைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார். நான் கை தூக்கினேன். பக்கத்தில் நின்ற, கூட வேலை செய்கிற அக்கா சிரித்தது. "இவளுக்கு இன்னாண்ணா? புருஷனா, புள்ளயா? நாயித்துக்கெழமயும் வரச்சொல்லு, வந்துகினே இருப்பா."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். ஏழு மணிக்குள் கிளம்பினால் செங்கல்பட்டு போய் சேலம் பஸ் பிடிக்கலாம். அம்மா நெத்திலிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தேன். ஏழு தாண்டியது. நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த வியாழன் கடிதம் வந்தது. ஒரே தாள். அம்மா கை கழுவி முடிப்பதற்குள் நான் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இதில் எதை விடுவது? விட்டால் 'அன்புள்ள'வும் 'இப்படிக்கு'வும்தான் மிச்சம்.

அம்மா வந்து உட்கார்ந்தது. படித்தேன்.

'சனிக்கிழமை நன்றாக நடந்தது. ஒரு இடத்தில்தான் தடுமாறினேன். மூன்றாவது வரிசையில் உங்கள் இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன. பஸ் லேட் என்று சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு யாரோ உட்கார இடமில்லாமல் நின்றார்கள். ஒட்டியிருந்த உங்கள் பேரைச் சிஸ்டர் கிழிக்கச் சொன்னார். நான் கிழிக்கவில்லை. அவரே கிழித்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? அதை மட்டுமாவது எழுது அக்கா.'

"இன்னா சனிக்கெழம?" என்றது அம்மா. "இன்னா நாற்காலி?"

நான் தாளை மடித்தேன்.

"போன வாரத்து லெட்டர எட்த்துனு வா."

எடுத்து வந்தேன்.

"படி. ஒண்ணு விடாம."

படித்தேன். பனி, பரீட்சை, தோரணம். வரவேற்புரை. அப்புறம் தாளைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தை நானே அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

'ஒரு வீட்டுக்கு இரண்டு நாற்காலி. பேரை நாங்களே எழுதி ஒட்ட வேண்டும். ஒன்றில் அம்மா, ஒன்றில் அக்கா என்று ஒட்டிவிட்டேன். ராத்திரி தங்குகிறவர்கள் பேரைக் கேட்டார்கள். அக்கா பேர் கொடுத்திருக்கிறேன். அக்கா, நீ என் கட்டிலில் படுத்துக்கொள். நான் கீழே படுத்துக்கொள்கிறேன். கம்பளி இரண்டு தருவார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். உனக்குக் காட்ட வேண்டும்.'

படித்து முடித்தேன். வெளியே ஈசிஆர் ரோட்டில் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான இப்டி பண்ண?"

"ஆமா."

"ஏன்டி?"

"அவ போனா. நான் போகல."

அம்மா அடிக்கும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அதுக்கு அவ இன்னா பண்ணுவா?"

நான் இரண்டு கடிதத்தையும் கவரில் போட்டேன்.

"பேப்பர எடு. நான் சொல்ற மாதிரி எழுது. எனக்கு ஒடம்பு நல்லா கீது. நீ கூப்ட்டது எனக்குத் தெரியாது. ஒங்கக்கா படிச்சிக் காட்டல. அவ்ளோதான்."

எழுதினேன்.

"படி."

படித்தேன்.

"எழுதனதத்தான் படிச்சியா?"

"ஆமாம்மா."

"எனக்கு எப்டித் தெரியும்?"

மறுநாள் அம்மா அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மீன் கடைக்கு எடுத்துப் போனது. கடைக்காரர் மகள் காலேஜ் படிக்கிறாள். அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறது. சாயங்காலம் வந்து தாளை என் முன்னால் வைத்தது.

"எழுதிதான் கீற. ஒட்டு."

நான் எழுதியதற்காக எனக்குக் கிடைத்த நல்ல பேர் அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் அம்மா இரண்டு தடவை கேட்கும். வியாழக்கிழமை என்னிடம். வெள்ளிக்கிழமை கடையில்.

தங்கச்சியிடமிருந்து பதில் வந்தது. வழக்கம் போல ஒரு வாரக் கதை முழுசாக எழுதியிருந்தாள். ஓட்டப்பந்தயம், முழங்காலில் சிராய்ப்பு, சாப்பாட்டு அறையில் பரிமாறும் முறை இந்த வாரம் அவளுடையது. திட்டு எதுவும் இல்லை. கடைசியில் இரண்டு வரி.

'அக்கா, இதற்கு முன்னால் என்னவெல்லாம் விட்டாய்? எனக்கு எழுது.'

ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய கடிதங்களை எல்லாம் எடுத்தேன். மூன்று வருஷக் கடிதம். முதலிலிருந்து படித்துக்கொண்டே போனேன். நான் விட்ட இடம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதும்போதும் எரிந்தது. புது ஸ்வெட்டர் என்று எழுதும்போது ரொம்ப எரிந்தது. இன்றைக்கும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

நாலு பக்கம் ஆனது. ஒட்டுவதற்கு முன்னால் அம்மா கை கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தது.

"இன்னா எழுதன? படி."

"வியாழக்கிழமை காலையில் அவித்த முட்டை" என்று படித்தேன்.

அம்மா சிரித்தது. "முட்டயா? எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

அடுத்த வரியைப் படித்தேன்.