முதலை முட்டையைத் திருப்பிப் போட்டவன்

எனக்கு இந்தி தெரியும் என்று நான் பொய் சொன்னது அபர்டீன் பஜாரில் ஒரு டீக்கடையில். அந்தப் பொய்யை இன்னொருத்தர் சுமந்துகொண்டு போனார். அதைத்தான் எழுதப்போகிறேன்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் ஒதுங்கியிருக்கிறேன். வாத்தியார் விரட்டிவிட்டார். எழுத்தெல்லாம் பிற்பாடு சினிமா போஸ்டரைப் பார்த்துக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து சாத்தம் மரமில்லில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் செட்டில் மேஸ்திரி முதல் கடைசி ஆள் வரை தமிழ். தீவு முழுக்க இந்தி பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் அது ஒட்டவே இல்லை.

ஒரு நாள் பலகை சரிந்து இடது கையில் இரண்டு விரல் நசுங்கியது. இரண்டு மாதம் மில்லுக்கு வராதே என்றார்கள். விரலில் கட்டோடு டீக்கடையில் உட்கார்ந்து மில் சங்கு மாதிரி ஊளையிட்டுக் காட்டுவேன், கப்பல் கிளார்க் மாதிரி நடந்து காட்டுவேன். நாலு பேர் சிரித்தால் எனக்குச் சோறு வேண்டாம்.

அங்கேதான் அந்த ஆராய்ச்சி ஸாப் வந்தார். கல்கத்தாப் பக்கத்து ஆள். ஒல்லி, கண்ணாடி, முழங்கால் வரை சேறு. வண்டூருக்கு அந்தப் பக்கம் அலையாத்திக் காட்டு ஓடையில் முதலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு நிலையம் போட்டிருக்கிறாராம். சமைத்துப்போட ஒரு ஆள் வேண்டும். சம்பளத்துக்கு வழியில்லை, விருப்பப்பட்டு வந்தால் சோறும் படுக்க இடமும் உண்டு என்று கடைக்காரரிடம் இந்தியில் சொல்ல, அவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். முதலையைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு வருஷத்துக்குக் கதை சொல்லலாமே என்று நான் எழுந்து நின்றேன்.

"இந்தி ஆத்தா ஹை?" என்றார்.

"ஃபுல்!" என்றேன்.

கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏல, சாய், பானி ரெண்டையும் விட்டா ஒனக்கு என்னல தெரியும்?"

"முதலை என்ன இந்தியிலயாண்ணே பேசப்போவுது?"

கடையே சிரித்தது. ஸாபுக்குத் தமிழ் தெரியாது, அவரும் கூடச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது.

ஆராய்ச்சி நிலையம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்தேன். இரண்டு தகரக் கொட்டகை, ஒரு போர்டு, எண்ணி மாளாத கொசு. இன்னொரு ஆள் அங்கே இருந்தார். ராஞ்சிக்காரர். காடு வெட்டுவதற்காக ராஞ்சிப் பக்கமிருந்து கூட்டிவந்தவர்களைத் தீவில் அப்படித்தான் சொல்வோம். நாற்பது வயது தாண்டியிருக்கும். அகலமான தோள், குறைவான பேச்சு, அதுவும் என்னிடம் தமிழ் ஆட்களோடு காடு வெட்டிக் கற்றுக்கொண்ட தமிழில். ஓடையில் காற்று வீசும் பக்கம் மூக்கைத் திருப்பிவிட்டு, முதலை இந்தப் பக்கம் கரையேறியிருக்கிறது என்பார். ஏறியிருக்கும். என்னை அவர் 'பண்டாரி' என்று கூப்பிட்டார். இங்கே முகாமிலும் கப்பலிலும் சமையல்காரனுக்கு அதுதான் பெயர்.

பேசாத மனுஷன் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். முட்டைகள் கிடைத்து, நல்லபடி பொரித்துவிட்டால் நிலையத்துக்கு நிரந்தரமாக ஒரு காவலாள் போடுவார்கள், அந்த வேலைக்கு உன் பெயரைத்தான் எழுதுவேன் என்று ஸாப் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"என் பொண்ணுங்க ரெண்டும் நாலு காட்டுல நாலு குடிசை பாத்தாச்சு, பண்டாரி. மரம் தீந்தா நாங்க கிளம்பணும். இந்த நௌக்ரி கெடச்சா ஒரு எடத்துல நின்னுடுவோம்."

முதலைக் கூட்டைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். இலையும் சேறுமாகக் குவிந்த ஒரு மேடு. தாய் முதலையை அவர் நீளக் கழியை வைத்துத் தடுத்துக்கொண்டு நிற்க, ஸாப் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மரத்தின் மேலிருந்து இரண்டு பேருக்கும் தைரியம் சொன்னேன்.

கூடையை ராஞ்சிக்காரர் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தார். வழியில் ஒரு வேர் தடுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டார். விழும்போது கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். மேலே மூடியிருந்த இலைகூட அசையவில்லை. நானாயிருந்தால் கூடையை எறிந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டிருப்பேன்.

மணல் நிரப்பிய மரப்பெட்டியில் முட்டைகளை வைத்தோம். மறுநாள் காலையிலேயே ஸாப் வேறு கூடுகள் தேடிப் படகில் கிளம்பினார். ராஞ்சிக்காரர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். கரையில் நான் மட்டும். படகு மோட்டார் கத்தத் தொடங்கியபிறகு ஸாபுக்கு ஏதோ ஞாபகம் வந்து, வாயில் கையைக் குவித்து என்னிடம் கத்தினார். மோட்டார் தின்றது போக எனக்குக் கிடைத்தது மூன்று வார்த்தை.

"பல்ட்டோ... மத்... ரக்கோ!"

பல்ட்டோ என்றால் திருப்பு. ரக்கோ என்றால் வை. மத் என்றால் கூடாது. இந்த மூன்றும் எனக்குத் தெரிந்திருந்ததுதான் கெட்ட நேரம். ஒன்றுமே தெரியாமல் இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பேன். 'மத்'தை முன்னால் சேர்த்தால் 'திருப்பாதே, வை' என்று அர்த்தம். பின்னால் சேர்த்தால் 'திருப்பு, அப்படியே வைக்காதே' என்று அர்த்தம். நான் பின்னால் சேர்த்தேன். எங்கள் வீட்டுக் கோழி அடைகாக்கும்போது மூக்கால் முட்டையைப் புரட்டிப் புரட்டி விடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஸாப் நம்ம கோழி செய்வதைத்தான் சொல்கிறார், அதற்குத்தான் பென்சில் கோடு என்று எல்லாமே எனக்குப் பொருத்தமாகப் போய்விட்டது.

"டீக் ஹை ஸாப்!" என்று கையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கோடு கீழே, சாயங்காலம் கோடு மேலே. கையை மூன்று தரம் கழுவிவிட்டுத்தான் தொடுவேன். என் வாழ்நாளில் அவ்வளவு சிரத்தையாக வேறு எந்த வேலையும் செய்ததில்லை. முட்டைகளோடு பேசக்கூடச் செய்தேன். வெளியே வந்ததும் மாமாவைக் கடிக்கக்கூடாது, ஆமா.

இரண்டாம் நாள் ராஞ்சிக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன பண்ற பண்டாரி?"

"ஸாப் கா ஹுகும். போம்போது சொல்லிட்டுப் போனாரு."

"திருப்பவா சொன்னாரு?" அவர் தலையைச் சொறிந்தார். "தாய் முதலை திருப்பாதே. கூட்டுமேல சும்மா படுத்துக் கெடக்கும்."

"அது சோம்பேறி. கோழியப் பாருங்க, எப்பிடித் திருப்புது! எனக்கா இந்தி தெரியாது?"

ஸாப் சொன்னார் என்ற பிறகு அவர் தடுக்கவில்லை. ஆனால் நான் திருப்பும்போதெல்லாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பார்க்கப் பிடிக்காதவர் மாதிரி முகத்தை ஓடைப் பக்கம் வைத்துக்கொள்வார்.

பத்து நாள் கழித்து ஸாப் ஒரு சாயங்காலம் வந்தார். சாயங்காலம் என்பதால் எல்லாக் கோடும் மேலே. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு "சாபாஷ்" என்று என் முதுகில் தட்டினார். அவர் இன்னொரு கூட்டிலிருந்து முட்டைகள் கொண்டுவந்திருந்தார். அதற்குத் தனிப் பெட்டி. அன்றிலிருந்து இரண்டையும் அவரே பார்த்துக்கொண்டார், என்னைத் தொடவிடவில்லை. என் உழைப்பைப் பார்த்து ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் போயின. முதல் பெட்டியிலிருந்து நாற்றம் வந்தது.

ஸாப் ஒரு முட்டையை எடுத்துக் கத்தியால் மெதுவாகத் திறந்தார். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஏதோ கறுப்பாகச் சுருண்டிருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. ஐந்தாறு திறந்தபின் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது கோழி முட்டை இல்ல," என்று நிதானமாக இந்தியில் சொன்னார். அதற்குள் எனக்கும் கொஞ்சம் இந்தி ஏறியிருந்தது, புரிந்தது. "உள்ள குஞ்சு மேல்பக்கம் ஒட்டிக்கிட்டு வளரும். முட்டை புரண்டா செத்துப்போயிடும். அதுக்குத்தான் கோடு. அதுக்குத்தான் பல்ட்டோ மத், அப்பிடியே வைன்னு சொல்லிட்டுப் போனேன்."

என் காதுக்குள் அந்த மோட்டார் மறுபடி ஓடியது. அந்த மூன்று வார்த்தையும் இடம் மாறி உட்கார்ந்தன.

ஸாப் கோடுகளைப் பார்த்தார். எல்லாம் மேலே. "இங்க சரியாத்தான் இருந்திருக்கு," என்றார். பிறகு ராஞ்சிக்காரரிடம் திரும்பினார். "தூக்கிட்டு வரும்போது விழுந்தியா?"

"விழுந்தேன் ஸாப். கூடை விழல."

"விழுந்தல்ல?"

"விழுந்தேன்." பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அடுத்தவனைக் காட்டிக்கொடுக்கவும் தெரியாது, என் பக்கம் திரும்பினார். "பண்டாரியக் கேளுங்க ஸாப்."

ஸாப் என்னைப் பார்த்தார். ராஞ்சிக்காரரும் பார்த்தார். நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன், ஒரு எழுத்துகூட மாற்றாமல். ஆனால் எப்படிச் சொன்னேன்? அடுப்பிலிருந்த தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டேன். இடுப்பை ஒரு வெட்டு வெட்டினேன்.

"நான்தான் ஸாப் திருப்பினேன்! காலையில ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம். தோசா! மசாலா தோசா!"

கரண்டியைச் சுழற்றி காற்றில் ஒரு தோசையைத் திருப்பிப் போட்டேன்.

அவ்வளவு துக்கத்திலும் ஸாபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுப், பாகல்," என்றார். பைத்தியமே, சும்மா இரு. நான் அவரைத் தேற்றுவதற்காகக் கோமாளித்தனம் பண்ணுகிறேன் என்று நினைத்தார். அப்படித்தான் நினைப்பார் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்துதான் கரண்டியை எடுத்தேன்.

ராஞ்சிக்காரர் சிரிக்கவில்லை. ஸாப் போனபின் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"இப்ப சொன்னத ஸாப்கிட்ட இன்னொரு தடவ சொல்லு, பண்டாரி. சிரிக்காம சொல்லு."

நான் அவருக்கு டீ ஊற்றினேன். "கல்," என்றேன். இந்தியில் நேற்றைக்கும் நாளைக்கும் அந்த ஒரே வார்த்தைதான். நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார் போல. டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நான் விறகு பொறுக்கப் போய்விட்டேன். தேவைக்கு மேல் பொறுக்கினேன். அதற்கு அடுத்த நாள் கடலுக்குப் போனேன் மீன் பிடிக்க. மூன்றாம் நாள் ஸாப் ராஞ்சிக்காரரைக் கூப்பிட்டு, திட்டாமல், தோளில் கைவைத்து, கை உறுதியான ஆள்தான் இந்த வேலைக்குச் சரிப்படும் என்று சொல்லிவிட்டார். கூடையைத் தலைக்கு மேல் தூக்கிய அந்தக் கையைப் பற்றித்தான் சொன்னார். நான் பத்தடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீருக்கு நல்ல சாக்கு.

வேறு காட்டில் மரம் வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் கிளம்பினார். பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தார். அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. "சல்தா ஹூங், பண்டாரி," என்று போய்வருகிறேன் சொல்லிவிட்டுப் போனார்.

ஸாப் தன் கையாலேயே கொண்டுவந்த இரண்டாவது பெட்டி முட்டைகள் பொரித்தன. பொரிப்பதற்கு முன் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் கத்தும். ஸாப் குழந்தை மாதிரி குதித்தார். காவலாள் வேலைக்கு உத்தரவும் வந்தது. ஒரு நாள் தாளோடு என் முன்னால் உட்கார்ந்து, "உன் பேர எழுதட்டுமா?" என்றார். விரல் ஆறிவிட்டது, மில்லுக்குத் திரும்பியிருக்கலாம். வேண்டாம் ஸாப், அது இன்னொருத்தர் வேலை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூடிய அளவுக்கு எனக்கு அப்போது இந்தி வந்திருந்தது.

"ஹாங் ஸாப்," என்றேன்.

ஸாப் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். புதுசு. ஏற்கெனவே தைத்து வைத்திருந்தது. போட்டுப் பார்த்தேன். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. யாருடைய அளவு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அபர்டீன் பஜாருக்கு எடுத்துப்போனேன். நம்ம ஊர்த் தையல்கார பாய் சட்டையை விரித்துப் பிடித்தார். சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாரு சட்டப்பா? ஒனக்கு எடுத்த அளவு இல்லியே?"

"என் சட்டதான் பாய். நாந்தான் சிறுத்துப் போயிட்டேன்."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுத்தேன்.