சீதேவியின் வளவு

கல்லடியில், வாவியைப் பார்த்து இறங்கும் மணல் ஒழுங்கையின் கடைசி வீடும் அதைச் சுற்றிய வளவும் சீதேவியுடையவை. மட்டக்களப்பில் வீடு என்றால் அது பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். அப்படித்தான் யோகராசாவும் வாகரையிலிருந்து ஒரு பையும் ஒரு வலையுமாக இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

சீதேவி வாத்து வளர்த்தாள். ஊரார் வாவியை ஆறு என்றே சொல்வார்கள். விடிந்ததும் வாத்துகள் வரிசை கட்டி ஆற்றில் இறங்கும்; அவளுடைய மனமும் அவற்றின் பின்னால் இறங்கிவிடும். அக்கரையின் கண்டல்மரங்கள் வெயில் ஏற ஏற நிலத்தை விட்டு மேலே எழும்பி நிற்பதுபோலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பின்னால் உலையில் சோறு குழைந்து கஞ்சியாகிவிடும். கலியாணமான புதிதில் யோகராசா அதற்குச் சிரித்தான். “எனக்கு வாய்ச்சது ஒரு கனாக்காரி” என்று கூட்டாளிகளிடம் சொல்லிக்கொள்வான். மூன்றாம் வருடம் அதே குழைந்த சோற்றுக்குத்தான் முதல் அறை விழுந்தது.

கடல் பொங்கி அவனுடைய தோணியை அள்ளிக்கொண்டு போனது அதற்குப் பிறகு. “தோணி போன கவலையிலதான் குடிக்கிறான், கை நீட்டுறான்” என்று சனம் சொல்லும்போது சீதேவி வாய் திறக்கமாட்டாள். எது முந்தி, எது பிந்தி என்று அவளுக்குத் தெரியும். அடி விழும்போது அவள் அங்கே இருப்பதில்லை. உடம்பை அடுப்படியில் விட்டுவிட்டு ஆற்றுக்கு மேலால் போய்விடுவாள். எல்லாம் முடிந்த பிறகு, வெளியூர் போய் வந்தவளைப் போல மெல்லத் திரும்பி வந்து, சிந்தியதைக் கூட்டி அள்ளுவாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மார்கழியில் அப்படிப் போக முடியாமல் போனது. வடக்கே வாகரைப் பக்கம் சண்டையில் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள். இடைவிடாத மழை. வாத்துக்கூட்டின் கதவைச் சாத்த மறந்து இரண்டு வாத்து தொலைந்ததற்காக யோகராசா, தோணி போயும் மிஞ்சிக் கிடந்த துடுப்பை எடுத்தான். அது அவளுடைய இடது காதில் பட்டது. அதன் பிறகு அந்தக் காதுக்குள் உலகம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோலாகிவிட்டது. செல் வெடிப்பதும் தூரத்தில் யாரோ உரலில் இடிப்பதுபோலத்தான் இருந்தது.

ஆசுபத்திரியில் சறுக்கி விழுந்ததாகச் சொன்னாள். காது திரும்பாது என்று டொக்டர் சொன்னார். அக்கா கண்ணகை அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவின் புருஷன் அழகரத்தினம் நல்ல மனுஷன்தான்; அன்று கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார்.

“நீ ஒண்டுக்கும் யோசியாத புள்ள. துவக்கு வைச்சிருக்கிற பெடியளிட்ட ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். நாளைக்கே தூக்கிக்கொண்டு போய் கை காலை முறிச்சு விடுவானுகள்.”

சீதேவி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒருவன் வேலிச் சண்டைக்கு அப்படித்தான் ஒரு சொல்லுச் சொன்னான். பக்கத்து வளவுக்காரரை வேன் ஏற்றிப்போனது. இன்று வரை ஆளில்லை. வேலி மட்டும் அதே இடத்திலேயே நிற்கிறது.

“வேணாம் அத்தான். அவர் சாகவும் வேணாம், முடமாகவும் வேணாம். என்ட படலைக்கு வெளியில நிண்டாப் போதும்.”

“அப்ப நீ இஞ்சயே இருந்திரு,” என்றாள் அக்கா.

“நான் என்னத்துக்கு கா வெளியில வரணும்? வீடு என்ட வீடு.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே விளங்கியது. இத்தனை வருடம் அந்த வீட்டில் அவள் ஒண்டவந்தவளைப்போல இருந்திருக்கிறாள்.

வழி சொன்னவள் ஸஹீதா. காத்தான்குடியில் பேக்கரி வைத்திருந்தவள்; வாத்து முட்டை வாங்க வருவாள்; இப்போது அக்கா வீட்டுக்குத் தேடி வந்திருந்தாள். அக்கா போய்ப் பொறுக்கி வந்த முட்டைகளை வைக்கோலில் அடுக்கிக்கொண்டே பேசினாள்.

“புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு புள்ள. வீட்டுக்குள்ள அடிக்கிறவன வீட்டுக்குள்ள வரவிடாம வழக்குப் பேசுற கோடு தடுக்குமாம். எங்கட பொம்புளையள் கூட்டத்தில வந்து சொன்னாங்க. ரவுனில மங்கையற்கரசி எண்டு ஒரு லோயர் மிஸ் இருக்கா. நான் கூட்டிக்கொண்டு போறன், வாறியா?”

அந்த நாட்களில் கல்லடியிலிருந்து மட்டக்களப்பு ரவுனுக்குப் போவதென்றால் பாலத்துச் சோதனைச்சாவடியில் இறங்கி நடக்கவேண்டும். முட்டைக்கூடையோடு ஸஹீதா முன்னால் போனாள். சீதேவி கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள். பாலம்தான் நகர்கிறது, தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

மங்கையற்கரசி மெலிந்த, அவசரப்படாத பெண். சீதேவியின் நல்ல காதுப் பக்கம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சீதேவிக்குக் கேட்க நிறைய இருந்தது.

“அவரைப் பிடிச்சு மறியலில போடுவாங்களா மிஸ்?”

“இல்ல. இது தண்டிக்கிற வழக்கு இல்ல. உங்களப் பாதுகாக்கிற கட்டளை. கட்டளைய மீறினாத்தான் குற்றம். அப்பதான் மறியல், தண்டம் எல்லாம்.”

“பொலிசுக்குப் போகணுமா?” அங்கே எழுதும் சிங்களம் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் பொலிஸ் வாசலில் நிற்பதற்கே சனம் பயப்பட்டது.

“போகலாம். போகாம நேரா நீதவான் கோட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். பொலிசில வாக்குமூலம் குடுத்தா, தமிழில வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு கையெழுத்துப் போடுங்க.”

“விவாகரத்து எடுத்தாத்தான் தருவாங்களா?”

“அது வேற, இது வேற. நீங்க அவருக்குப் பெண்சாதியா இருந்துகொண்டே கேக்கலாம்.”

சீதேவி வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “ஆசுபத்திரியில நான் பொய் சொல்லிப்போட்டன் மிஸ். சறுக்கி விழுந்தன் எண்டு.”

“ஏன் சொன்னீங்க?”

“அவர் கட்டில் பக்கத்தில நிண்டவர்.”

“கோட்டிலயும் அதையே சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

தை பிறந்து வழக்கு எடுக்கப்பட்டது. நீதவான் விண்ணப்பத்தைப் படித்து, சீதேவியிடம் சில கேள்விகள் கேட்டு, விசாரணை நாள் வரைக்கும் இடைக்காலக் கட்டளை ஒன்று கொடுத்தார். யோகராசா அந்த வீட்டுக்கோ வளவுக்கோ வரக்கூடாது. பொலிசார் அதை அவனிடம் கொடுத்த காலையில் அவன் முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாய் நுரையோடு நின்று கேட்டான். பிறகு பையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம், மீன்வாடி ஒன்றில் போய்ப் படுத்துக்கொண்டான். சீதேவி வீடு திரும்பினாள். வீட்டுக்குள் இத்தனை இடம் இருந்ததை அவள் அன்றுதான் கண்டாள். ஒவ்வொரு மூலையாகப் போய்ச் சும்மா நின்று பார்த்தாள்.

அந்தக் கிழமைகளில் வாகரைச் சனம் காடும் களப்புத் தண்ணீரும் கடந்து வந்துகொண்டிருந்தது. கூடாரங்கள் வெள்ளை வெள்ளையாக முளைத்தன. அப்படி வந்தவர்களில் யோகராசாவின் தாய் புஸ்பமும் ஒருத்தி. முகாமில் பதிந்த மறுநாளே, செல்லுக்குத் தப்பி ஓடிவந்த அதே சேலையோடு, மருமகளின் படலைக்கு வந்து நின்றாள்.

சீதேவி கிணற்றடியில் வாத்துத்தீன் குழைத்துக்கொண்டிருந்தாள். முதுகு படலைப் பக்கம்.

“புள்ள, சீதேவி!”

அவள் திரும்பவில்லை. புஸ்பம் உள்ளே வந்து, இடது பக்கமாக இன்னும் கிட்ட நின்று கூப்பிட்டாள். அதற்கும் திரும்பவில்லை. மூன்றாம் முறை தோளைத் தொட்டபோது சீதேவி துள்ளி விழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்தினாள். அப்புறம்தான் ஆளைப் பார்த்தாள்.

“மாமியா! வாங்க மாமி. இந்தப் பக்கத்தால கதைச்சா எனக்குக் கேக்காது.”

புஸ்பம் மகன் அனுப்பி வந்தவள். ‘கை தவறிப் போச்சு அம்மா, நீ போய்ச் சமாளிச்சு விடு’ என்று அவன் முகாமுக்கு வந்து சொல்லியிருந்தான். சமாதானத்துக்கு என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த சொல் ஒன்றும் அவள் வாயில் வரவில்லை. சீதேவி குடிக்கத் தேத்தண்ணி கொடுத்தாள், உடுக்கச் சேலை கொடுத்தாள். மாமியார் அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, மருமகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சத்தங்களைத் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயமுன் முகாமுக்குப் போய்விட்டாள். வந்த காரியத்தைச் சொல்லவேயில்லை.

விசாரணை நாளில் யோகராசா வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்திருந்தான். “நான் அடிக்கல்ல ஐயா. சறுக்கி விழுந்தவ. ஆசுபத்திரியில அவவே சொன்னவ,” என்றான். சீதேவி தன் முறை வந்தபோது ஏன் அப்படிச் சொன்னாள் என்று சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பிறகு நீதவான், வீட்டை விட்டால் உமக்குத் தங்க இடம் இருக்கிறதா என்று அவனைக் கேட்டார்.

“எங்க ஐயா போற? வாகரையில வீடும் இல்ல, சனமும் இல்ல. வாடியிலயும் இனி இருக்க விடமாட்டானுகள். இந்தச் சண்டைக்குள்ள நான் ரோட்டிலயா கிடக்கிற?”

அது பொய்யில்லை. சீதேவிக்குக் கண்ணுக்குள் மழை பெய்தது. அதற்குள் ஒரு மனிதன் குடையில்லாமல் நின்றான். ‘சரி, வரட்டும்’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

பின்வரிசை வாங்கில் இருந்த புஸ்பம் எழுந்து நின்றாள். “ஐயா, நான் இவன்ட தாய். எனக்கு ஒண்டு சொல்லணும்.”

முறைப்படி கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். அவள் மகனைப் பார்க்காமல் பேசினாள்.

“துடுப்பால அடிச்சது இவன்தான். என்னட்ட வந்து இவனே சொன்னவன். போய்ச் சமாளிச்சு விடு எண்டு என்னைத்தான் அனுப்பினவன். நான் போய் அவளைக் கூப்பிட்டன். அவளுக்குக் கேக்கல்ல.” கொஞ்சம் நிறுத்தினாள். “இடமில்ல எண்டு சொல்றான். எனக்கு முகாமில ஒரு கூடாரம் தந்திருக்காங்க. பெத்த நான் இருக்கன். என்னோட வந்து கிடக்கட்டும். அவளிட்டப் போக வேணாம்.”

யோகராசா அதற்குப் பிறகு ஒன்றும் மறுக்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. வெளியே வந்ததும் அழகரத்தினம் அத்தான் சீதேவியின் பக்கத்தில் நடந்தபடி, “நான் சொன்னபடி நீ கேக்காதது நல்லதாப் போச்சு புள்ள,” என்றார். தாயும் மகனும் முன்னே, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி, ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

மாசியில் ஒரு பகல். ஆறு கண்ணாடிபோலக் கிடந்தது. வாத்துகள் பதறியடித்துக்கொண்டு கரைக்கு வந்தன. சீதேவி போய்ப் பார்த்தாள். கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு தோணி, தோணியில் யோகராசா. தூண்டில் போட்டபடி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசவில்லை, கை காட்டவில்லை. வெயில் மினுக்கத்தில் தோணி தண்ணீரைத் தொடாமல் மிதப்பதுபோலிருந்தது. கனவா என்று கண்ணைக் கசக்கினாள். மறுநாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும்.

சீதேவி மங்கையற்கரசியிடம் ஓடினாள். “ஆத்தில நிண்டா கட்டளைய மீறினதா மிஸ்? ஆறு என்ட வளவில்லையே. ஆறு எல்லாருக்கும்தானே.”

மங்கையற்கரசி பேனையை வைத்துவிட்டு யோசித்தாள். “நல்ல கேள்வி. எழுதினது வீடும் வளவும்தான். ஆனா மீன் பிடிக்க வந்தவர் மீனைப் பாக்கணும், வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கப்படாது. உங்களுக்குப் பயமா இருக்கா?”

“ஓம் மிஸ். வாத்துக்கும் பயம்.”

“கட்டளையத் திருத்தித் தரச் சொல்லிக் கேப்பம்.”

கேட்டார்கள், கிடைத்தது. அந்த வீட்டுக்கு முன்னால் தண்ணீரிலும் தரிக்கக்கூடாது என்று ஒரு வரி கூடியது. அதற்குப் பிறகு தோணி வந்தது; ஆனால் அக்கரையோரமாக, நிற்காமல், போவதற்காகவே போனது.

சித்திரை கழிந்து வாகரைச் சனத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். தாயும் மகனும் போனார்கள். வருடம் முடிந்து கட்டளையும் காலாவதியானது. “பயம் வந்தா மறுபடி கேக்கலாம்,” என்றாள் மங்கையற்கரசி. அதற்குள் ஒழுங்கையில் வேறு பெண்கள் சீதேவியைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். வாத்து முட்டை வாங்க வந்ததுபோல வருவார்கள். முட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே, “மறியலில போடுவாங்களா கா?” என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வாள், தெரியாததற்கு மங்கையற்கரசியிடம் கூட்டிப்போவாள்.

ஒரு நாள் முற்பகலில் யோகராசா படலைக்கு வந்தான். குடித்திருக்கவில்லை. தலை நரைத்திருந்தது. கை படலையில் பட்டதும் சீதேவி உள்ளிருந்து சொன்னாள்:

“கதைக்கிறதெண்டா அங்கால நிண்டு கதையுங்க.”

அவன் கையை எடுத்தான். “அம்மாக்குச் சுகமில்ல. உன்னைத்தான் கேக்கிறா.” அவ்வளவுதான். திரும்பி நடந்தான்.

கட்டளை இருந்த காலத்திலும் அது அவனுக்குத்தான்; அவள் போவதை அது தடுத்ததில்லை. அடுத்த நாள் வாத்து முட்டைகளை உமியில் பொதிந்து எடுத்துக்கொண்டு வாகரைப் பஸ்ஸில் ஏறினாள். சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி, இடையில் தூங்கிப்போய், விழித்தபோது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் எரிந்த பனைகளுமாக இருந்தது.

புஸ்பம் ஓலைக்குடிசையில் பாயில் கிடந்தாள். சீதேவி முட்டை அவித்து, மசித்து, உப்பும் மிளகும் தூவி ஊட்டினாள். மாமியார் ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டு, “உன்ட வாத்தெல்லாம் எப்பிடி புள்ள?” என்று கேட்டாள். பின்னேரம் வரைக்கும் வாத்துகளின் கதையே நடந்தது.

யோகராசா குடிசைக்குள் வரவில்லை. தூரத்துப் புளியமரத்தின் கீழ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவள் பஸ்ஸேறிப் போன பிறகுதான் எழுந்து வீட்டுக்கு வந்தான்.