கடல் கடக்காதவரின் யன்னல்கள்

அந்த மனிதர் ஒருநாளும் ஜெர்மனிக்கு வந்ததில்லை. இதை அறிந்த நாளிலிருந்து அவருடைய தேவாலயத்துக்குள் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வராத ஒருவர் எப்படி எங்களுக்கென்று இவ்வளவு இடம் விட்டு வைத்தார்?

ஸ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரைமணி நேரம். சுகம் தரும் ஊற்றுநீருக்குப் பெயர்போன சின்ன ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூட்டுவலிக்கும் மனவலிக்கும் குளிக்க வந்த பணக்கார அமெரிக்கர்கள் அங்கே தங்களுக்கென்று ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். பிறகு போர்கள் வந்தன, அவர்கள் போனார்கள், கல் இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஞாயிறு பின்னேரங்களில் அது எங்களுடையதாக இருந்தது. கீபோர்ட், பாட்டுக்கொப்பிகள், பிளாஸ்கில் தேத்தண்ணி, அலுமினியத் தாளில் சுற்றிய ரோல்ஸ், குளிர்ச்சட்டைக்கு மேலே பட்டுச் சேலை என்று யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து நிரம்புவோம். நாங்கள் பீடத்தைப் பார்த்து இருப்போம். பின்னால் மேற்குச் சுவரில் ஒரு மாபெரும் யன்னல். ஆராதனை பாதியில் இருக்கும்போது வெயில் அதன் வழியே இறங்கி வந்து எங்கள் முதுகில் கை வைக்கும். ஒவ்வொருவராகக் குளிர்ச்சட்டையைக் கழற்றுவார்கள். போதகர் என்ன சொன்னாலும் அந்தக் கணத்தில்தான் எனக்குக் கடவுள் நம்பிக்கை வரும்.

சாவி ஒரு ஜெர்மன் அம்மாவிடம் இருந்தது. ஓய்வு பெற்றவர், குட்டையானவர், எங்கள் ரோல்ஸுக்கு அடிமை. நான் ஏதோ எழுதுகிறவன் என்று எங்கள் ஆட்கள் யாரோ அவரிடம் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

“இப்போது இங்கே வருவது அதிகமும் நீங்கள்தான்,” என்றார் ஒருநாள். “யார் கட்டிய வீட்டில் இருக்கிறோம் என்று உங்கள் ஆட்களுக்கு உங்கள் மொழியில் யாராவது சொல்ல வேண்டாமா?”

அப்படித்தான் அந்த மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டார். நகர நூலகத்தின் மூன்றாம் மாடியில் தடித்த படப்புத்தகங்களுக்குள் அவர் இருந்தார். தாடி, சற்றுச் சாய்ந்த தலை, கமராவுக்குப் பயந்ததுபோல ஒரு பார்வை. வடஅமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கப்பலுக்குப் பாய் தைத்தவரின் மகன். தகப்பன் தான் தைத்த பாயோடு ஒருநாள் கடலுக்குப் போனார். பாயும் வரவில்லை, அவரும் வரவில்லை. அன்றிலிருந்து மகன் ஆற்றைக் கடக்கும் படகில்கூட ஏறவில்லை. பாலம் இருக்கும் இடம்வரை சுற்றி நடப்பாராம்.

கல் கொத்தும் பட்டறையில் சேர்ந்தார். கட்டடக்கலைக்கென்று ஒரு பள்ளிக்கும் போகவில்லை. கல்லிலிருந்து கரிக்கோலுக்கு வந்தார், கரிக்கோலிலிருந்து நகரங்களுக்கு. நீதிமன்றங்கள் கட்டினார். வயதானவர்கள் மூச்சு வாங்காமல் ஏறவென்று தாழ்ந்த படிகள் வைத்து ஒரு நூலகம் கட்டினார். ஒரு சிறைச்சாலையை வரைந்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு துண்டு வானம் கேட்டார். கொடுக்க மாட்டோம் என்றதும் பாதியில் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் என்னைக் கொன்றவை அவருடைய சின்னச் சின்ன ரயில் நிலையங்கள். யாரும் இறங்காத சமவெளி ஊர்களில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டதுபோல தாழ்ந்து நீண்ட கூரைகள். மழை எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் அங்கே காத்திருப்பவர் நனைய மாட்டார். காத்திருப்பதும் ஒரு வாழ்க்கைதான் என்று அவர் நம்பியிருக்கிறார். விசாவுக்கும் பதிலுக்கும் கடிதத்துக்கும் காத்திருந்தே நரைத்த என்னைப்போன்ற ஒருவனுக்கு அந்தப் படங்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த நிலையங்களில் முக்கால்வாசியை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள் என்று அடிக்குறிப்பு சொன்னது. புத்தகத்தை மூடினேன். மறுநாள் போய்த் திரும்பவும் திறந்தேன்.

எங்கள் ஊற்றுநீர் ஊரில் வாழ்ந்த ஒரு பணக்கார அமெரிக்க விதவை தேவாலயம் வரைந்து கேட்டபோது அந்த மனிதருக்கு வயதாகியிருந்தது. சம்மதித்தார். கடலைக் கடக்க மட்டும் மாட்டேன் என்றார். வரைபடங்கள் மெழுகுத்துணியில் சுற்றி, தகரக் குழாய்களில் அடைத்து அனுப்பப்பட்டன. அவர் ஏறாத கப்பலில் அவருடைய கோடுகள் ஏறின. தேவாலயத்துக்கு மணி தொங்கவிட முன்னரே இறந்துபோனார்.

“இந்த மனிசன் ஒருக்காலும் வராமலே கட்டினவராம்,” என்று வீட்டில் சொன்னேன்.

“அதிலை என்ன அதிசயம் அத்தான்?” என்றான் மச்சான். “நானும்தானே போகாமல் கட்டுறன்.”

என் மனைவியின் தம்பி. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவன். நாற்பதைத் தொட்டவன். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த காலம் அது. வசதிப்பட்ட எல்லோரும் தொலைபேசியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் கட்டியது ஊரிலிருந்த பெரியக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கும் அவனுக்கும் மூத்த சகோதரிக்கு. கணவனைப் போரில் இழந்தவர். பள்ளிக்கூட மண்டபம், சொந்தக்காரரின் பின்னறை, யாரோ விட்டுப்போன வீட்டின் பாதி என்று பதினைந்து வருடமாக மற்றவர்களின் கூரைகளுக்குக் கீழே இருந்தவர். இதுதான் அவருக்கென்று அமையப்போகும் முதல் வீடு.

வரைபடத்தை மச்சானே எங்கள் சமையலறை மேசையில், கட்டம் போட்ட தாளில், நாக்கைக் கடித்துக்கொண்டு கீறினான். அதில் அவன் உயிரையே வைத்த ஒன்று இருந்தது. முன்கூடத்தின் மேற்குச் சுவரில், சுவரின் பாதியை விழுங்கும் ஒரு கண்ணாடி யன்னல்.

“பெரியக்கா பின்னேர வெயிலிலை காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வேணும்,” என்றான்.

இங்கே அவனுடைய அறை வடக்குப் பார்த்தது. குளிர்காலம் முழுவதும் பகலிலும் விளக்கு எரியும். இந்த நாட்டில் வெயில் விழும் பால்கனிக்கு வாடகை கூட. நாங்கள் எல்லோரும் தாளைச் சுற்றி நின்று, “வடிவு, வடிவு” என்றோம். சுவர்கள் எழுந்தன. கூரைக்குப் பலகையும் அடித்தாயிற்று. அடுத்த கிழமை கொங்கிறீட் ஊற்றுவது என்று பேச்சு. ஊற்றிவிட்டால் பிறகு சுவரை உடைத்து மாற்றுவது பெரிய பாடு.

அந்த ஒக்டோபர் ஞாயிறு நான் தேவாலயத்தைப் பற்றிப் பேசவேண்டிய நாள். மச்சானையும் இழுத்துக்கொண்டு போனேன்.

“செத்த மனிசனோடை நீங்கள் மாதக் கணக்காக் கதைக்கிறியள் அத்தான்,” என்றான் ரயிலில். “உயிரோடை இருக்கிற என்னோடை ஒரு கதை இல்லை.”

“உன்னோடை கதைச்சா சீமெந்து விலையெல்லே வரும்.”

“அது உண்மை.”

பேசினேன். பாய் தைத்தவரின் மகனைப் பற்றி, படகில் ஏறாததைப் பற்றி, ரயில் நிலையங்களைப் பற்றி. பின்வரிசையில் இரண்டு பேர் நித்திரை. மச்சான் நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டான். முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் மேற்குச் சுவரடியில் நின்று கல்லைத் தட்டிக்கொண்டிருக்கிறான். சாவிக்கார அம்மா கையில் ஒரு ரோல்ஸோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் மைத்துனர் என் சுவரைத் தட்டிப் பார்க்கிறாரே, வாங்கப்போகிறாரா?” என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டார்.

“அத்தான், இஞ்சை பாருங்கோ,” என்றான் மச்சான். “இதிலை முந்தி வேறை யன்னல் இருந்திருக்கு.”

இத்தனை நாள் நான் அந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறேன், பார்த்ததில்லை. பெரிய யன்னலின் இரண்டு பக்கமும், சிவந்த கல்லுக்குள் வெளிறிய கல்லால் அடைக்கப்பட்ட ஒடுங்கிய யன்னல்கள், கை அகலத்தில். மேல்வளைவு எல்லாம் அழகாகச் செதுக்கி முடித்து, பிறகு மூடியிருக்கிறார்கள்.

“ஓ, அதுவா? அது அவருடைய தவறு,” என்றார் அந்த அம்மா. சொல்லும்போது முகத்தில் பெருமை. “அவருடைய ஊரில் கோடை நெருப்புப்போல இருக்குமாம். வெயிலை வெளியே நிறுத்தத்தான் அவருக்குத் தெரியும். தடித்த சுவர், ஒடுங்கிய யன்னல். இங்கேயும் அப்படியே வரைந்து அனுப்பிவிட்டார். பக்கத்துச் சிற்றாலயம் முதலில் முடிந்தது. நவம்பரில் அதற்குள் இருந்து மத்தியானத்திலேயே பாட்டுப் புத்தகத்தை வாசிக்க முடியவில்லை. போதகரின் மனைவிதான் துணிந்து அவருக்கு எழுதினாராம். மற்றவர்களெல்லாம் அவ்வளவு பெரிய மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார்கள்.”

மச்சான் அந்த வெளிறிய கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. “அவர் என்ன செய்தார்?” என்று தானே ஜெர்மனில் கேட்டான்.

“வேலையை நிறுத்தச் சொன்னார். குளிர்காலம் முழுக்க நின்றது. மேற்குச் சுவரை முழுதாகத் திரும்ப வரைந்து அனுப்பினார். இந்தப் பெரிய யன்னல் அப்போது வந்ததுதான். பழையதை மறைக்க வேண்டாம், தெரியட்டும் என்றும் சொன்னாராம். அதுதான் இப்படி நிற்கிறது.”

நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த நேரம் வெயில் முழுக் கண்ணாடியிலும் பற்றி எரிந்தது. உள்ளே எங்கள் பெண்கள் கதிரைகளை அடுக்கும் சத்தம். கரிக்கோலும் தாளும் தவிர வேறொன்றும் கையில் இல்லாத ஒரு கிழவர், தான் பயந்த கடலுக்கு அப்பால், தான் ஒருநாளும் காணாத ஒரு வெளிச்சத்தை, யாரோ ஒரு பெண் சொன்ன சொல்லை நம்பி வரைந்திருக்கிறார். அந்த வெளிச்சம்தான் எங்கள் முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. பேச்சில் இதை எல்லாம் சொல்லவே இல்லையே என்று தோன்றியது.

திரும்பி வரும் ரயிலில், இறங்குவதற்கு முன்னால் மச்சான் கேட்டான்.

“அத்தான், எங்கடை ஊரிலை பின்னேரம் நாலு மணிக்கு ஆக்கள் எந்தப் பக்கம் இருக்கிறவை?”

நான் யோசித்தேன். யோசிக்க வேண்டியிருந்தது. பெரியக்காவின் வீடு எழுவது மேற்கே ஒரு மர நிழலும் இல்லாத காணியில். பக்கத்துப் பனைகளெல்லாம் ஷெல்லில் தலை இழந்தவை.

“மேற்குப் பக்கம் ஒருத்தரும் இருக்க மாட்டினம்,” என்றேன்.

“ஓம்,” என்றான். “ஒருத்தரும் இருக்க மாட்டினம்.”

மறுநாள் அவனுக்குப் பின்னேர வேலை. காலை பத்தரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, தொலைபேசி அட்டையைச் சுரண்டி, வீடு கட்டும் மேசனின் இலக்கத்தை அழுத்தினான். ஊரில் அப்போது பின்னேரம் பிறக்கும் நேரம். பெரியக்கா கட்டுமானத்திலேயே நின்று மேசன்மாருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். மேசன் தன் கைத்தொலைபேசியை அவரிடம் கொடுத்தான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மச்சான் ஒலிபெருக்கியைப் போட்டான்.

“அக்கா, இப்ப எங்கை நிக்கிறியள்?”

“வீட்டுக்குள்ளைதான் தம்பி. பலகை அடிச்சாப் பிறகு நல்ல நிழல்.”

“வீட்டுக்குள்ளை எந்தப் பக்கம்?”

“குசினிப் பக்கம், அடுப்படியிலை.”

“முன்கூடத்துக்குப் போய்ப் பெரிய யன்னலடியிலை நில்லுங்கோவன்.”

“ஏன்? அது வடிவா இருக்கு. எல்லாரும் வந்து பாத்திட்டுப் போகினம்.”

“அக்கா. அதிலை நிக்க ஏலுமோ?”

தொலைவில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம். என் மனைவி கையைத் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

“ஏலாது தம்பி,” என்றார் பெரியக்கா. “நாலு மணிக்கு நிலம் கொதிக்கும். காலை வைக்கேலாது.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீ அந்தக் குளிருக்குள்ளை இருந்து ஆசையாக் கீறினது. எப்பிடிச் சொல்லுறது? சேலை ஒண்டைக் கட்டி மறைச்சிட்டு இருக்கலாம் எண்டு நினைச்சன்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“சாகுமட்டும்,” என்று சிரித்தார்.

மச்சான் சிரிக்கவில்லை. மேசையில் அந்தத் தாளை விரித்தான். அழிறப்பரால் யன்னலை அழிக்கத் தொடங்கினான். தாள் கசங்கியது.

“மேசனிட்டைச் சொல்லுங்கோ, கூரை இப்ப ஊத்த வேண்டாம். அதை அடைக்கிறம். இப்ப சொல்லுங்கோ அக்கா, உங்களுக்கு எங்கை யன்னல் வேணும்?”

“எனக்கோ?”

“உங்களுக்குத்தான். வீடு உங்கடையெல்லே.”

பதினைந்து வருடம் மற்றவர்கள் காட்டிய மூலையில் பாயை விரித்த பெண், இரும்பும் சீமெந்தும் கிடக்கும் கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“வாசல் கதவுக்குப் பக்கத்திலை சின்னதா ஒண்டு,” என்றார் மெதுவாக. “ஆர் வருகினம் எண்டு கதவு திறக்க முந்தி எனக்குத் தெரியவேணும்.”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சான் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் கீறினான்.

“நிண்டு பாக்கிற உயரமோ?”

“நிலத்திலை இருந்தும் பாக்கவேணும். கொஞ்சம் பதிச்சு வையன்.”

“வைக்கிறன். பிறகு?”

“பிறகு… காணும் தம்பி.”

“காணாது. சொல்லுங்கோ.”

“குசினியிலை கிழக்காலை ஒண்டு வச்சா விடிய விளக்குக் கொளுத்தத் தேவையில்லை,” என்றார். இப்போது குரல் கொஞ்சம் வேகம் எடுத்திருந்தது. “படுக்கிற அறையிலை காத்து வாற பக்கம் ஒண்டு. நீ சின்னனா வைக்காதை. கொஞ்சம் நில், நான் அங்கை போய்ப் பாத்திட்டு வாறன்…”

செருப்புச் சத்தம் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனது. கிட்டத்தட்ட எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் அவர் தன் வீட்டுக்குள் முதல்முறையாக நடந்து பார்ப்பதை நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். மச்சானின் பென்சில் அவருக்காகக் காத்து நின்றது.

அட்டையில் நேரம் முடியப்போகிறது என்று இயந்திரப் பெண்குரல் குறுக்கே வந்து சொன்னது. மச்சான் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இன்னொரு அட்டை வாங்க ஓடினேன். படிகளில் இறங்கி முடியும்வரை அவனுடைய குரல் பின்னால் கேட்டுக்கொண்டேயிருந்தது.

“ஓம் அக்கா… ஓம்… பிறகு?”